வெறுமையாக விட்ட சுவர்

பழைய மாணவர்கள் போன் செய்தால் முதலில் என் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்து என் பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்பார்கள். அப்புறம் மெதுவாக, "சார், ஒரு சின்ன டவுட்டுங்க" என்று வரும். அந்தச் சின்ன டவுட்டில் பாதி ஆட்டோகேட் ஹேட்ச் பற்றியதாகத்தான் இருக்கிறது. ஹேட்ச் விழமாட்டேன் என்கிறது, ஹேட்ச் கருப்பாக அப்பிக்கொண்டது, சுவரை நகர்த்தினால் ஹேட்ச் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது... ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

சொந்தக்காரர்களும் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கு ஒரு விளக்கம். உங்கள் வீட்டு பிளானை எடுத்துப் பாருங்கள். சுவர் இருக்கும் இடத்தில் சாய்வாகக் கோடு கோடாக இருக்கும். கான்கிரீட் என்றால் புள்ளியும் குட்டி முக்கோணமுமாக இருக்கும். தரையில் டைல்ஸ் என்றால் கட்டம் கட்டமாக இருக்கும். இப்படி ஒரு எல்லைக்குள் ஒரே மாதிரியான கோடுகளை நிரப்புவதற்குப் பெயர்தான் ஹேட்ச். பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் அது ஒரு வாக்குமூலம். "இந்த எல்லைக்குள் இருப்பது இந்தப் பொருள்" என்று வரைந்தவர் சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தையை நம்பித்தான் எஸ்டிமேட் போடுகிறார்கள், கல் இறக்குகிறார்கள், கடப்பாரையும் எடுக்கிறார்கள்.

கையால் வரைந்த காலத்தில் இதை யாருக்கும் தனியாகச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. டீ-ஸ்கொயர் மேல் 45 டிகிரி செட் ஸ்கொயரை வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில், கண்ணால் அளந்தே ஒவ்வொரு கோடாக இழுக்கவேண்டும். ஒரு மாடி வீட்டின் செக்ஷனுக்கு ஹேட்ச் போட்டு முடிக்க ஒரு மதியம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் ஒரு சுவருக்குள் கோடு இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு, அது என்ன சுவர் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

நம் ஊர் பம்ப்பும் மோட்டாரும் வார்ப்படமும் வளர்ந்த ஊர். அதனால் சிவில் பிள்ளைகளுக்கும் நான் பம்ப்பின் வெட்டுத்தோற்றத்தைக் காட்டித்தான் ஹேட்ச் பாடம் தொடங்குவேன். வெளிக்கூட்டுக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டிய அடுத்த பாகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. நடுவில் நீளவாக்கில் போகும் ஷாஃப்ட்டுக்கு ஹேட்ச் கிடையாது, போல்ட்டுக்கும் கிடையாது. எதை நிரப்புவது, எதை விடுவது என்பதற்கு எஸ்.பி. 46 புத்தகத்தில் முறை இருக்கிறது. கட்டட வரைபடத்துக்கு ஐ.எஸ். 962 இருக்கிறது. இரண்டையும் பலர் பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். பரவாயில்லை. பம்ப்பில் வெறுமையாக விட்ட ஷாஃப்ட்டுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுமைக்கு என்ன அர்த்தம் வந்து சேரும் என்பதற்கு எங்கள் உறவிலேயே ஓர் உதாரணம் உண்டு. கோபி பக்கம் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. பழைய தொட்டிக்கட்டு வீடு, மேலே ஓடு. பாதிச் சுவர் மண், பாதிச் சுவர் பிற்பாடு கட்டிய செங்கல். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டை இடிக்காமல், உள்ளே மட்டும் வசதி செய்து, ஆசாரத்தைப் பெரிதாக்கித் தரலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்தான். பிளான் வந்தது, வேலையும் தொடங்கியது. அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் போயிருந்தபோது மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, படத்துல இந்தச் செவுத்துக்குள்ள ஒண்ணுமே போடலீங்க. இடிக்கிற மூணு செவுரும் இப்படித்தான் வெறுமையா இருக்குதுங்க. சரி, இதையும் சேத்தித்தான் இடிக்கச் சொல்றாங்களாட்டம் இருக்குதுன்னு கடப்பாரை போட்டமுங்க. மேல பாத்தா உத்தரம் இதும்மேலதானுங்க குந்தியிருக்குது. அதான் நிறுத்திப்போட்டனுங்க."

பார்த்தேன். ஒன்றரை அடி கனமுள்ள மண் சுவர். ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பெயர்த்திருந்தார்கள். கூரையின் பாரம் முழுவதும் உத்தரம் வழியாக அந்தச் சுவரில்தான் இறங்குகிறது. அதற்கு அடுத்த அறையில் அண்ணி படுத்திருந்தார்.

மேஸ்திரி பிளானைத் தவறாகப் படிக்கவில்லை. இருக்கும் சுவருக்கெல்லாம் ஒரு ஹேட்ச், புதுச் சுவருக்கு வேறொரு ஹேட்ச், இடிக்கவேண்டியவை இரண்டு கோடு மட்டும். எது எதைக் குறிக்கிறது என்ற அட்டவணை பிளானில் இல்லை. இருப்பதை வைத்து அவர் சரியாகவே ஊகித்தார். அண்ணன் மகனிடம் சொல்லி அந்த ஃபைலை வாங்கி என் லேப்டாப்பில் திறந்தேன். அந்தச் சுவருக்குள் ஹேட்ச் போட்டுப் பார்த்தேன். எல்லை மூடவில்லை என்ற செய்தி வந்தது. ஒரு மூலையில் சிவப்பு வட்டம் காட்டியது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. வரைந்தவர் ஹேட்ச் விழாத அந்த ஒரு சுவரை அப்படியே விட்டுவிட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார். அவர் யார், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. நேரமில்லாத இரவில் யாருக்கும் நடக்கக்கூடியது. 2 மில்லிமீட்டர் இடைவெளி பத்து டன் கூரைக்குக் கீழே கடப்பாரையாக மாறும் என்பதுதான் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டிய விஷயம்.

இனி உங்கள் டவுட்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, எல்லை. ஹேட்ச் என்பது தண்ணீர் மாதிரி. வாய்க்கால் கரையில் உடைப்பு இருந்தால் நிற்காது. 1990-களில் டாஸ் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் பழகியவர்களுக்குத் தெரியும், கோடுகள் முனையோடு முனை சரியாகச் சேராவிட்டால் ஹேட்ச் பக்கத்து அறைக்குள் வழிந்து ஓடும். ரிலீஸ் 12-ல் பி-ஹேட்ச் வந்த பிறகுதான் உள்ளே ஓர் இடத்தைத் தொட்டால் மென்பொருளே எல்லையைத் தேடிக்கொள்ளும் வசதி கிடைத்தது. இப்போது சிவப்பு வட்டம் போட்டு உடைப்பையும் அதுவே காட்டுகிறது. காட்டினால் அந்த மூலைக்குப் போய் ஃபில்லெட்டில் ஆரம் பூஜ்யம் கொடுத்துக் கோடுகளைச் சேருங்கள். கேப் டாலரன்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, சின்ன இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் ஹேட்ச் போட்டுவிடும். அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த மூலை திறந்தபடியேதான் இருக்கும். அடுத்த ஆள் அந்த பிளானில் பரப்பளவு எடுக்கும்போது மறுபடி அதே இடத்தில் மாட்டுவான். உடைப்பை அடைப்பதுதான் வேலை.

இரண்டாவது, அளவு. "சார், ஹேட்ச் போட்டா ஒரே கருப்பா அப்பிக்குதுங்க" என்பவர்களுக்கு இது. நீங்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஏ.என்.எஸ்.ஐ. 31 என்ற சாய்கோடு, மெட்ரிக் ஃபைலில் 3.175 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். வீட்டை நீங்கள் முழு அளவில் வரைகிறீர்கள். 230 மில்லிமீட்டர் சுவருக்குள் 3 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு விழுந்தால் கருப்பாகத்தானே தெரியும்? 1:100-ல் பிரிண்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஹேட்ச் ஸ்கேலை 100 என்று கொடுங்கள். தாளில் வரும்போது அதே 3.175 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனால் ஏ.ஆர். என்று தொடங்கும் பேட்டர்ன்கள் வேறு ஜாதி. அவை செங்கல், பிளாக் இவற்றின் உண்மையான அளவிலேயே வரையப்பட்டவை. அவற்றுக்கு ஸ்கேல் 1. அங்குல ஃபைலின் பேட்டர்னை மில்லிமீட்டர் பிளானில் போட்டுவிட்டால் 25.4 மடங்கு சின்னதாக விழும். மெஷர்மெண்ட் என்று டைப் செய்து பாருங்கள். 0 என்றால் அங்குலப் பட்டியல், 1 என்றால் மெட்ரிக் பட்டியல்.

மூன்றாவது, திருத்துவது. ரிலீஸ் 13-லிருந்து ஹேட்ச் எல்லையோடு சேர்ந்தே நகரும், அசோசியேட்டிவ் என்ற விருப்பத்தை விட்டுவைத்திருந்தால். சுவரை இழுத்தால் ஹேட்சும் நீளும். ஆனால் எல்லைக் கோட்டில் ஒன்றை அழித்து மறுபடி வரைந்தால் அந்த உறவு அறுந்துவிடும். அப்புறம் சுவர் ஓரிடம், ஹேட்ச் ஓரிடம். அழிப்பதற்குப் பதிலாக ஸ்ட்ரெட்ச் செய்து பழகுங்கள். அறுந்தே போய்விட்டால் ஹேட்ச் எடிட்டரில் ரீக்ரியேட் பவுண்டரி கொடுத்து எல்லையைப் புதிதாக உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, பத்து அறைகளை ஒரே கட்டளையில் தொட்டு ஹேட்ச் போட்டால் பத்தும் ஒரே பொருளாகிவிடும். குளியலறை டைல்ஸை மாற்றப்போனால் பூஜை அறையும் மாறும். தொடங்கும்போதே செப்பரேட் ஹேட்ச் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தனித்தனியாக இருந்தால் இன்னொரு லாபம், ஒவ்வொன்றின் பரப்பளவும் ப்ராப்பர்ட்டீஸில் தெரியும். எத்தனை பெட்டி டைல்ஸ் வாங்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லும் கணக்கை அங்கேயே சரிபார்க்கலாம்.

டைல்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 600-க்கு 600 டைல்ஸுக்குத் தனியாக பேட்டர்ன் தேடவேண்டாம். யூசர் டிஃபைண்ட் எடுத்து, கோணம் 0, இடைவெளி 600, டபுள் என்று கொடுத்தால் கட்டம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு செட் ஆரிஜின் என்பதை வைத்து முதல் டைல்ஸ் எங்கே தொடங்கவேண்டும் என்று சொல்லுங்கள். தலைவாசலில் முழு டைல்ஸ் வரவேண்டும், வெட்டின துண்டு அலமாரிக்கு அடியில் போகவேண்டும். இதை வரைபடத்தில் முடிவு செய்தால் இலவசம். டைல்ஸ் ஒட்டுகிறவர் முடிவு செய்தால் வாசலில் இரண்டு அங்குலத் துண்டைக் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

நான்காவது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மென்பொருளோடு வரும் பேட்டர்ன்கள் நம் ஊர்க் கல்லுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆட்டோகேட் 1982-ல் அமெரிக்காவில் பிறந்தது. அதில் வரும் ஏ.ஆர். பி.ஆர்.எஸ்.டி.டி. என்ற செங்கல் பேட்டர்னில் ஒரு வரிசையின் உயரம் 2.667 அங்குலம். மூன்று வரிசைக்கு எட்டு அங்குலம், அமெரிக்கக் கணக்கு. நம் சேம்பர் செங்கல் முக்கால் அடி நீளம், 3 அங்குல உயரம். கலவையோடு சேர்த்தால் ஒரு வரிசை சுமார் 85 மில்லிமீட்டர். அமெரிக்க பேட்டர்னை வைத்து எலிவேஷனில் வரிசை எண்ணினால் 3 மீட்டர் உயரத்துக்கு 44 வரிசை வரும். நம் கல்லில் 35 வரிசைதான். செங்கல் தெரியும்படி பூசாமல் விடும் சுவர் இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. அங்கே ஜன்னலின் மேல்மட்டம் வரிசையோடு சேராமல் பாதிக் கல்லில் போய் நிற்பது இதனால்தான். ஹாலோ பிளாக்கில் மட்டும் அதிர்ஷ்டவசமாகப் பிரச்சினை குறைவு. அவர்களுடையது 8-க்கு 16 அங்குலம், நம்முடையது 200-க்கு 400 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்குத் தீர்வு சுலபம். உங்கள் கல்லுக்கு நீங்களே பேட்டர்ன் எழுதுங்கள். நோட்பேடில் மூன்றே வரி:

*கோவைசெங்கல், 240-க்கு 85 வரிசை
0, 0,0, 0,85
90, 0,0, 85,120, 85,-85

பவானியில் ஜமக்காளம் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முழு ஜமக்காளத்தையும் யாரும் எழுதிவைப்பதில்லை. எந்தக் கோடு, எவ்வளவு தள்ளி மறுபடி வரும் என்பது மட்டும்தான் கணக்கு. இங்கும் அப்படியே. முதல் எண் கோணம். அடுத்த இரண்டும் தொடங்கும் புள்ளி. நான்காவது, அடுத்த கோடு தன் நீளவாக்கில் எவ்வளவு தள்ளித் தொடங்கவேண்டும் என்பது. ஐந்தாவது, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி. அதற்குப் பிறகு வருபவை, எவ்வளவு தூரம் கோடு, எவ்வளவு தூரம் வெற்றிடம். கழித்தல் குறி போட்டால் வெற்றிடம். முதல் கோட்டு வரி 85 மில்லிமீட்டருக்கு ஒரு படுக்கைக் கோடு. இரண்டாவது வரி செங்குத்து இணைப்பு, 120-க்கு ஒன்று. 85 தள்ளித் தள்ளி வருவதால் மேல் வரிசையின் இணைப்பு கீழ்க் கல்லின் நடுவில் உட்காரும். மாடுலர் செங்கல் என்றால் இரண்டு வரியிலும் 85-க்கும் 120-க்கும் பதிலாக 100 என்று போடுங்கள், போதும். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, ஃபைலுக்கும் அதே பெயரைக் கொடுத்து, பி.ஏ.டி. என்ற முடிவோடு சப்போர்ட் ஃபோல்டரில் சேமியுங்கள். கடைசி வரிக்குப் பிறகு ஒரு எண்டர் தட்ட மறந்தால் வேலை செய்யாது. போன் செய்யும் பத்துப் பேரில் ஆறு பேர் தட்டாத எண்டர் அதுதான்.

கல்லின் பெயரை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். கோவையில் கட்டிய வீடுகளில் எத்தனையோ, தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண்ணில் சுட்ட செங்கல்லால் எழுந்தவை. மண் எடுத்த பள்ளங்களும் யானை வழித்தடமும் வழக்காகி, 2021-ல் அங்கிருந்த சூளைகள் மூடப்பட்டன. அதற்கப்புறம் சைட்டுக்குச் சைட் கல் மாறுகிறது. ஒரு சைட்டில் ஃபிளை ஆஷ், ஒரு சைட்டில் சாலிட் பிளாக், இன்னொன்றில் மிதக்கும் கல் என்று சொல்லும் ஏ.ஏ.சி. பிளாக். ஆனால் பிளானில் மட்டும் எல்லாவற்றுக்கும் அதே ஏ.என்.எஸ்.ஐ. 31.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 230 மில்லிமீட்டர் கனமுள்ள செங்கல் சுவர் சுமார் 13 டன் எடை. அதையே 200 மில்லிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் சுமார் 4 டன். பீம் டிசைன் செய்தவர் பிளாக் என்று நினைத்து, சைட்டில் செங்கல் ஏறினால் அந்த 9 டன் வித்தியாசத்தை யார் தாங்குவது? இரண்டுக்கும் ஒரே சாய்கோடு போட்டவரை அந்த பீம் கேட்காது. பத்து வருஷம் கழித்து விரிசலாகச் சொல்லும்.

கடைசியாக, பழைய வீட்டைத் திருத்தும் பிளான் போடுபவர்களுக்கு. இப்போது அந்த வேலைதான் நிறைய வருகிறது, அப்பா அம்மா இருக்கும் வீட்டை வசதி செய்யும் வேலை. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நிற அட்டவணை ஒன்று இருக்கிறது. புதிய வேலைக்குச் சிவப்பு. இடிக்கவேண்டியதற்கு மஞ்சள் ஹேட்ச். கவனியுங்கள், இடிக்கவேண்டியதையும் நிரப்பித்தான் காட்டச் சொல்கிறது. வெறுமையாக விட்டு இடிப்பைச் சொல்லச் சொல்லவில்லை. ஏனென்றால் வெறுமை என்பது மறதியாலும் வரும், அவசரத்தாலும் வரும், 2 மில்லிமீட்டர் இடைவெளியாலும் வரும். எது எதனால் வந்தது என்று சைட்டில் நிற்பவருக்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று. பிரிண்டுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் ஒரு தடவை கண்ணால் தொட்டுப் பாருங்கள், ஒன்றும் வெறுமையாக நிற்கக்கூடாது. பிளானின் ஓரத்தில் எந்த ஹேட்ச் எந்தப் பொருள் என்று ஒரு சின்ன அட்டவணை, தமிழில், மேஸ்திரி படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். கல் மாறினால் ஹேட்சை மாற்றுங்கள். மொத்தம் கால் மணி நேர வேலை.

கோபி வீட்டில் பெயர்த்த இடத்துக்கு முட்டுக் கொடுத்து, மண்ணும் சுண்ணாம்பும் வைத்து மேஸ்திரியே கட்டித் தந்துவிட்டார். திருத்திய பிளானும் வந்துவிட்டது. உத்தரத்தைத் தாங்கும் அந்தச் சுவருக்குள் நல்ல அடர்த்தியான ஹேட்ச், பக்கத்தில் "பழைய மண் சுவர், இடிக்கக்கூடாது" என்று தமிழில் எழுத்து. மேஸ்திரியின் யோசனை அது.

உங்கள் ஊரில் இப்போது எந்தக் கல் ஓடுகிறது, அதன் நீளம் உயரம் என்ன என்று அளந்து கீழே போடுங்கள், பிள்ளைகளா. காங்கயம், பல்லடம், பொள்ளாச்சி, சத்தி என்று ஊர்வாரியாக பேட்டர்ன் எழுதிச் சேர்த்துவைக்கிறேன். எனக்கும் பொழுது போகும், அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் உதவும்.